மே பார்க்கர் ஏன் அணியிலிருந்து விலகினாள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் காமிக்ஸ் உலகின் வாரிசு நாயகர்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். கட்டுரையாளர் உழைத்து எழுதியிருக்கிறார். படங்களும் நன்றாக அச்சாகியிருந்தன. ஆனால் ஸ்பைடர்மேனின் மகளாகப் பிறந்து ஸ்பைடர்கேர்ள் ஆகும் மே பார்க்கரைப் பற்றிய பகுதியில் அவர் சொல்லியிருக்கும் இரண்டு செய்திகளைக் கண்டும் காணாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஒன்று, பெண்பிள்ளையின் கதை என்பதால் விலைபோகாமல் சீக்கிரமே நின்றுவிட்டது என்பது. மற்றொன்று, அப்பாவின் சக்தியோடு அவருடைய கடமையுணர்வும் அவளுக்கு ரத்தத்திலேயே வந்துவிட்டது என்பது. முதலாவது தகவல் பிழை. இரண்டாவது அதைவிடப் பெரிய பிழை என்பது என் கட்சி.

நான் அரசு உதவிபெறும் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பெரும்பாலும் கூடைப்பந்துதான் கற்றுக்கொடுத்தேன். இந்த வயதில் இந்த அம்மாவுக்குக் காமிக்ஸ் எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் ஒரு கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பெட்டியில் துணியைவிடப் புத்தகங்களைத்தான் அதிகம் அடுக்கிக்கொண்டு வந்தாள். திரும்பிப் போகும்போது அவற்றை இங்கேயே இறக்கிவைத்துவிட்டு ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். மார்வெல் நிறுவனம் கையடக்க அளவில் வெளியிட்ட ஸ்பைடர்கேர்ள் தொகுப்புகள் அவை. “இதில் கூடைப்பந்து வருகிறது அத்தை, படித்துப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கூடைப்பந்துக்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். தங்கள் கட்டுரையாளர் எழுதியதில் எனக்குக் கோபம் வந்ததும் அந்தக் கூடைப்பந்தை அவர் ஒரு வரியில்கூடத் தொடவில்லை என்பதால்தான்.

தகவலை முதலில் முடித்துவிடுகிறேன். மே பார்க்கர் நாயகியாக முதலில் தோன்றியது, 1998 பிப்ரவரி என்று தேதியிட்ட ‘வாட் இஃப்’ இதழின் 105ஆம் எண்ணில். எழுத்து டாம் டிஃபால்கோ, ஓவியம் ரான் ஃப்ரென்ஸ். கதை இப்படிப் போகாமல் வேறு மாதிரி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கும் தொடர் அது; பெரும்பாலும் ஓர் இதழோடு அந்தக் கற்பனை முடிந்துவிடும். இந்தப் பெண்ணின் கதை முடியவில்லை. அதே ஆண்டில் அவள் பெயரிலேயே தனி இதழ் தொடங்கி 2006 வரை 100 இதழ்கள் வந்தன. அந்தக் கையோடு ‘அமேசிங் ஸ்பைடர்கேர்ள்’ என்ற பெயரில் மேலும் 30 இதழ்கள். நடுவில் இத்தோடு நிறுத்தப்போகிறோம் என்று அறிவிப்பு வருவதும், வாசகர்கள் எழுதிக் குவித்ததும் முடிவு மாறுவதும் ஒரு முறை நடந்ததல்ல. விற்பனை பிரமாதமாக இருந்தது என்று நான் வாதாடவில்லை. பிரமாதமாக இருந்திருந்தால் நிறுத்துகிறோம் என்று எதற்கு அறிவிக்கப்போகிறார்கள்? ஆனால் எட்டு ஆண்டுகளில் 100 இதழ்கள் வந்த ஒன்றைச் சீக்கிரமே நின்றுபோனது என்று எழுதுவது நியாயமில்லை. பெண் நாயகி என்றால் விற்காது என்ற முடிவை முதலில் எடுத்துவிட்டு, அதற்கேற்பக் கதையைச் சுருக்கியதுபோலத் தெரிகிறது.

அவளுக்கு விழுந்த முதல் அடி விற்பனையால் வந்ததுமில்லை. அசல் ஸ்பைடர்மேன் கதையில் இந்தக் குழந்தைக்கு இடமே தரப்படவில்லை. 1987இல் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கருக்கும் மேரி ஜேனுக்கும் திருமணம் நடத்திவைத்தார்கள். 1996இல் பிரசவம். குழந்தை உயிரோடு இல்லை என்று தாயிடம் சொல்லிவிடுகிறார்கள். வில்லனின் ஆட்கள் எதையோ தூக்கிக்கொண்டு போனதாக ஒரு மறைமுகக் குறிப்பு. அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். நாயகனைக் கையில் பிள்ளையோடு காட்டினால் அவனுக்கு வயதாகிவிட்டது என்று வாசகர் நினைத்துவிடுவாராம். அந்தப் பயம் எவ்வளவு தூரம் போனதென்றால், 2007இல் ஒரு சாத்தானோடு பேரம் பேசவைத்துக் கல்யாணமே நடக்கவில்லை என்று ஆக்கிவிட்டார்கள். டிஃபால்கோ எடுத்துக்கொண்டது இப்படிக் கைவிடப்பட்ட பிள்ளையை. குழந்தை பிழைத்து, பெற்றோர் கைக்கு வந்து, பதினைந்து வயது வரை வளர்ந்திருந்தால் என்ற கேள்வியில்தான் அவருடைய கதை தொடங்குகிறது. 2023இல் தமிழிலும் வெளியான ஸ்பைடர்மேன் அனிமேஷன் படத்தில் அப்பாவின் மார்போடு ஒட்டிக்கொண்டு சுவரேறும் செந்நிறக் கூந்தல் குழந்தையைத் தங்கள் வாசகர்களில் பலர் பார்த்திருப்பார்கள். அவளும் மேடேதான். மே என்ற பெயரை அப்படி அழைக்கிறார்கள்.

வாரிசுக் கதை என்றால் தகப்பனுக்கு வயதாக வேண்டும். இது நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. முத்து காமிக்ஸில் வேதாளராகவும் ராணி காமிக்ஸில் மாயாவியாகவும் வந்த ஃபேண்டமை நாங்கள் எல்லாரும் படித்தவர்கள்தான். 1936இல் லீ ஃபாக் தொடங்கிய அந்தக் கதையில் தகப்பன் சாவான், மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வான், காட்டு மக்கள் சாகாத ஒரே மனிதன் என்று நம்புவார்கள். இருபத்தொரு தலைமுறை. மண்டையோட்டின் மேல் கைவைத்து எடுத்த சத்தியம் மகனையும் மகனுடைய மகனையும் கட்டும். மகள்? பதினேழாம் வேதாளருடைய இரட்டைச் சகோதரி ஜூலி, அண்ணன் படுத்திருந்த நாள்களில் உடையை மாட்டிக்கொண்டு காட்டைக் காத்ததாக ஒரு கிளைக்கதை உண்டு. அவன் எழுந்ததும் உடையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். அந்த வீட்டில் இரவல் வீரத்துக்கு மட்டுமே பெண்ணுக்கு அனுமதி. மேடேயின் வீட்டிலும் அவளிடம் யாரும் எதையும் ஒப்படைக்கவில்லை. அங்கே அவர்கள் செய்தது வேறு விதமான காரியம்: சொல்லாமலே இருந்துவிட்டார்கள்.

இனிக் கூடைப்பந்து.

மே, மிட்டவுன் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் அணியின் நட்சத்திர ஆட்டக்காரி. ஒரு பந்தயத்தின் நடுவே, தான் எதற்கு இப்படி எம்பினோம் என்று தனக்கே தெரியாமல், ஆள் எவரும் எட்டாத உயரத்துக்கு எழும்பிப் பந்தை வளையத்துக்குள் போடுகிறாள். தோழிகள் கட்டிக்கொள்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு அது நல்ல ஆட்டம், அவ்வளவுதான். தகவல் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவளைப் பெற்றவர்கள். பதினைந்து ஆண்டுகளாக வராது, வரவே வராது என்று வேண்டிக்கொண்டிருந்த ஒன்று வந்துவிட்டது.

வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஆடியவர்களில் நல்ல உயரமான பெண்ணே ஓடிவந்து ஒற்றைக்காலில் எம்பினால் வலையின் கீழ்நுனி விரலில் தட்டும். அன்று முழுவதும் அதையே பேசிக்கொண்டிருப்பாள். பிள்ளை எம்பும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பயிற்சி கொடுப்பவள் கீழே பார்ப்பாள். தரையிறங்கும்போது முழங்கால் உள்பக்கமாக மடிகிறதா, இரண்டு காலும் சேர்ந்து ஊன்றுகிறதா என்பதுதான் முக்கியம். பெண்பிள்ளைகளுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் தசைநார் கிழிவது ஆண்பிள்ளைகளைவிட அதிகம். அது நடப்பது பெரும்பாலும் தரையிறங்கும் அந்த நொடியில். அதனால் அந்தப் படத்தைப் பார்த்ததும் என் கண் வழக்கம்போல் அவள் காலுக்குத்தான் போனது. பிறகுதான் அவள் அப்பாவின் காலைப் பற்றிப் படித்தேன். நார்மன் ஆஸ்பர்ன் என்ற கிரீன் காப்ளினோடு நடந்த கடைசிச் சண்டையில் பீட்டர் பார்க்கர் ஒரு காலை இழக்கிறார். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு, நியூயார்க் போலீசின் தடயவியல் பிரிவில் வேலைக்குப் போகிறார். மகள் அந்தக் காலைப் பார்த்தபடியே வளர்கிறாள். அது எப்படிப் போனது என்ற உண்மை மட்டும் அவளுக்குத் தெரியாது.

சக்தி வந்த பிறகு அவள் அணியிலிருந்து விலகிவிடுகிறாள். கட்டுரையாளர் தாண்டிச் சென்ற இடம் இது. நான் நின்றுவிட்ட இடமும் இதுதான்.

அவளை யாரும் விலகச் சொல்லவில்லை. கூடைப்பந்து விதிப் புத்தகத்தில் ‘சிலந்தியின் வலிமை உடையவர்கள் ஆடக் கூடாது’ என்று ஒரு விதி கிடையாது. நடுவர் விசில் ஊத முடியாது. எதிரணி மேல்முறையீடு செய்ய முடியாது. ஊக்கமருந்துச் சோதனை வைத்தாலும் ஒன்றும் தெரியாது. அடுத்த பந்தயத்தில் ஆடியிருந்தால் அவள் பள்ளிக்குக் கோப்பை நிச்சயம். ஆனாலும் தன்னோடு ஓடுகிறவர்கள் தங்கள் மூச்சில் ஓடுகிறார்கள், தான் அப்படி ஓடவில்லை என்று அவளுக்குத் தெரிகிறது. எதிரே இருக்கும் ஐந்து பெண்களும் காலையில் எழுந்து பயிற்சி செய்து சம்பாதித்ததைத் தான் ஒரே தாவலில் எடுத்துக்கொள்வது சரியல்ல என்று தோன்றுகிறது. தோழி டாவிடா கிர்பிக்குக்கூடக் காரணம் சொல்ல முடியாது. அணியைக் கைவிட்டவள் என்ற பேச்சையும் கேட்டுக்கொள்கிறாள். சிலந்தி உடையைப் போட்டுக்கொண்டு மாடிக்கு மாடி தாவுவதைவிட இது கடினம் என்று நான் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பதினைந்து வயதில், ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் பந்தைக் கீழே வைக்கச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பள்ளியிலும் பிள்ளைகள் அணியை விட்டு நிற்பதுண்டு. காரணம் வேறு. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் நன்றாக ஆடிக்கொண்டிருப்பாள். குறுவட்டப் போட்டி தாண்டி மாவட்டத்துக்கு எடுக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் வரமாட்டாள். பிறகு ஒரு நாள் அவளுடைய அப்பாவோ மாமாவோ தலைமையாசிரியை அறைக்கு வெளியே நின்றுகொண்டு, “இனிமேல் வேண்டாம் டீச்சர், பெரிய பிள்ளையாகிவிட்டாள்” என்பார். அந்தப் பெண் பின்னால் நின்றுகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் உடம்பில் ஏற்பட்ட மாற்றத்துக்கு வீடு சேர்ந்து முடிவெடுத்துவிட்டது. அவளிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மேடேயின் கதையிலும் உடம்பு மாறுகிறது, ஆட்டம் நிற்கிறது. முடிவெடுத்தது அவள். என் அண்ணன் மகளுக்கு இந்தப் பகுதி சாதாரணமாகப்பட்டிருக்கலாம். எனக்கு அந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகச் சற்று நேரமானது.

பயிற்சியாளர் என்ற முறையில் எனக்கு அவள்மேல் ஒரு மனக்குறையும் உண்டு. ஆடத்தான் கூடாது, அணியோடு இருந்திருக்கலாமே? சின்னப் பிள்ளைகளுக்கு ஓடிவந்து பந்தை வளையத்தில் போடும் லே-அப் சொல்லிக்கொடுக்கலாம், ஸ்கோர் எழுதலாம், எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லலாம். நானாக இருந்தால் அவளை விட்டிருக்க மாட்டேன். ஆனால் அங்கே பயிற்சியாளர் யார் என்று பாருங்கள்: ஃப்ளாஷ் தாம்ப்ஸன். பள்ளி நாள்களில் பீட்டர் பார்க்கரைப் படாதபாடு படுத்தியவன். அதே சமயம் ஸ்பைடர்மேன் என்றால் உயிரைக் கொடுப்பவன். தான் சீண்டுகிற ஒல்லிப் பையன்தான் அவர் என்று தெரியாமல். அந்த மனிதர் வளர்ந்து, அந்தப் பையனின் மகளுக்கே கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறார். டிஃபால்கோவின் குறும்புக்கு இது ஒரு சான்று.

ரத்தம் என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. இதே பதினைந்து வயதில், இதே சக்தி கிடைத்தபோது அவள் அப்பா என்ன செய்தார்? 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேண்டஸி’ 15ஆம் இதழை யாரும் எடுத்துப் பார்க்கலாம். ஸ்பைடர்மேனைப் படைத்த ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஒளிக்கவில்லை. பீட்டர் நேராகப் போனது ஒரு மல்யுத்த மேடைக்கு. மூன்று நிமிடம் தாக்குப்பிடிப்பவருக்கு 100 டாலர் என்று அறிவித்திருந்தார்கள். முகத்தை மூடிக்கொண்டு ஏறி, ராட்சசன் மாதிரி இருந்த மல்லனைத் தூக்கிக்கொண்டு கம்பத்தில் ஏறிப் பணத்தை வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு தொலைக்காட்சி. கைதட்டல். எதிரே ஓடிய திருடனை ஒரு கை நீட்டினால் பிடித்திருக்கலாம். அது என் வேலையா என்று விட்டுவிட்டார். அதே திருடன் அவருடைய பென் மாமாவைச் சுட்டுக் கொன்றான். சக்தியோடு பொறுப்பும் வரும் என்று அதற்குப் பிறகு வந்த வாசகத்தை எல்லாரும் டிஷர்ட்டில் போட்டுக்கொண்டு அலைகிறார்கள். அதை முழுதாக நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஆக, தகப்பன் பலத்தை எடுத்துக்கொண்டு மேடையேறினார். மகள் பலம் வந்ததும் ஆடுகளத்தை விட்டு இறங்கினாள். கடமையுணர்வு ரத்தத்தில் வருவதாக இருந்தால் அவளும் அந்த 100 டாலரைத்தான் தேடிப் போயிருக்க வேண்டும். பீட்டருக்கு அது ஒரு சாவுக்குப் பிறகு வந்தது. மேடேக்கு அப்படி ஒரு சாவு நடக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாவை மறக்காத ஒரு மனிதரின் வீட்டில் அவள் வளர்ந்தாள். அது போதுமானதாக இருந்தது. அவரே வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பெற்றவர்கள் சொல்லிக்கொடுப்பதில் பாதி காதில் ஏறாது. மறைக்க நினைப்பதெல்லாம் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். பெற்றோர் சந்திப்புகளில் உட்கார்ந்தவள் என்ற முறையில் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்த வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவளுக்கு மே என்று பெயர் வைத்தது பீட்டரை வளர்த்த மே அத்தையின் நினைவாக. எத்தனையோ ஆண்டுகள் அந்த அத்தையிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் பீட்டர் இரவில் ஜன்னல் வழியாகப் போனார். வயதானவள், தெரிந்தால் தாங்கமாட்டாள் என்பது அவர் காரணம். இப்போது அத்தையின் பெயர் கொண்ட மகள் அவரிடமே பொய் சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகப் போகிறாள். காலை இழந்தவர், தெரிந்தால் தாங்கமாட்டார் என்பது அவள் காரணம். அவர் ஆத்திரப்படுகிறார், தடை போடுகிறார், போகக் கூடாது என்கிறார். மேரி ஜேன் இருவருக்கும் நடுவில் நிற்கிறாள். இந்தப் பகுதிகளில் சண்டைக் காட்சிகளைவிடச் சாப்பாட்டு மேசைக் காட்சிகள்தான் உயிரோடு இருக்கின்றன. ஃபில் யூரிக் என்ற இன்னொருவர் அவளுக்கு முதலில் பயிற்சி கொடுக்கிறார், பெற்றவர்களுக்குத் தெரியாமல். கடைசியில், தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு, யாரோ சொல்லிக்கொடுப்பதைவிட நாமே சொல்லிக்கொடுத்தால் பிள்ளை உயிரோடு திரும்புவாள் என்று பீட்டர் இறங்கிவருகிறார். மகளைப் போட்டிக்கு அனுப்பமாட்டேன் என்று நின்ற ஒரு தகப்பன், பிறகு பஸ் ஸ்டாண்டுக்கே வந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நின்றதை நான் பார்த்திருக்கிறேன். முகம் அப்படியேதான் இருந்தது, கடுகடுவென்று.

அவள் முதன்முதலில் போட்டுக்கொண்ட உடை அப்பாவுடையதுகூட அல்ல. பென் ரைலி என்று ஒருவர். பீட்டரின் உயிரணுவிலிருந்து உருவாக்கப்பட்ட நகல் மனிதர். தம்பி முறை கொண்டாடி, பீட்டருக்காக உயிரை விட்டவர். நம் கணக்கில் அவளுக்குச் சித்தப்பா. அந்தச் சித்தப்பாவின் உடை பரணில் கிடந்தது. சக்தியும் முழுக்க அப்பாவின் அச்சு அல்ல. அப்பாவால் சுவரில் ஒட்டிக்கொள்ள முடியும். அவளால் ஒட்டிக்கொள்ளவும் முடியும், தொட்டதை உதறித் தள்ளவும் முடியும். வாரிசு என்றால் முன்னவரின் நகல் என்று எடுத்துக்கொண்டு எழுதும்போது இந்த மாதிரி விவரங்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன.

ரத்தக் கணக்குக்கு இன்னொரு தடங்கலும் அதே கதையில் இருக்கிறது. மேடே முதலில் எதிர்த்து நின்றது யாரை? நார்மி ஆஸ்பர்னை. பீட்டரின் காலைப் பறித்த நார்மனின் பேரன். தாத்தாவின் முகமூடி, தாத்தாவின் பகை, தாத்தாவின் மானம் என்று கிளம்பியவன். அவனும் வாரிசுதான், அவனும் அதைக் கடமை என்றுதான் சொல்லிக்கொள்கிறான். தகப்பன் வழியில் வருவதெல்லாம் நல்லது என்றால் அவனை என்ன செய்வது? மேடே அவனைச் சிறையில் தள்ளுவதோடு விட்டிருக்கலாம். பகையை விட்டுவிடச் சொல்லி அவனோடு மல்லுக்கட்டி, நெடுநாள் கழித்து நண்பனாகவே ஆக்கிவிடுகிறாள். இரண்டு தலைமுறையாக இரு குடும்பங்களும் முட்டிக்கொண்டதை முடித்துவைத்தது அவள். அப்பாவால் முடியாதது அது. இதே வரிசையில் வந்த ‘ஜே2’ என்ற இதழையும் கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். ஸேன் யாமா என்ற சிறுவன். தகப்பன் ஜக்கர்நாட், எதிரே எது வந்தாலும் இடித்துத் தள்ளும் பெரிய வில்லன். அந்தப் பலம் அப்படியே மகனுக்கு வருகிறது. மகன் நல்லவனாகிறான், நகைச்சுவையோடு. 12 இதழ்கள்தான் வந்தன. ஆனால் அவர் வாதத்தைக் கவிழ்க்க அவ்வளவு போதும்.

எங்கள் காலத்து வாசகர்களுக்கு ஒரு சொல். ஸ்பைடர் என்று சொன்னதும் லயன் காமிக்ஸில் வந்த கூர்க்காது வைத்த கறுப்புச் சட்டைக்காரர் ஞாபகத்துக்கு வந்து, அவருக்கு ஏது மகள் என்று கேட்கும் அண்ணன்மார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர் பிரிட்டிஷ்காரர், இந்தக் குடும்பத்துக்கும் அவருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது.

வாசகர் கடிதங்கள் ஓர் இதழைக் காப்பாற்றியது என்று எழுதினேன் அல்லவா, அதை ஒட்டித் தங்களிடம் ஒரு கோரிக்கை. ஞாயிறு இணைப்பில் முன்பு சிறுவர்கள் எழுதும் கடிதங்களுக்கு அரைப்பக்கம் இருந்தது. எங்கள் பள்ளிப் பெண்கள் அதில் தங்கள் பெயரைப் பார்ப்பதற்காகவே ஸ்டாஃப் ரூமுக்கு வந்து பத்திரிகையை வாங்கிப் போவார்கள். இப்போது அந்த இடத்தில் ராசிபலன் நீண்டிருக்கிறது. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து இதழ்களில் எந்த நாயகன் வேண்டும், எவன் வேண்டாம் என்று வாசகர்கள் இன்றும் சண்டை போட்டு எழுதுகிறார்கள். பதிப்பாளரும் காது கொடுக்கிறார். தங்கள் இணைப்பிலும் பிள்ளைகளுக்கு அந்த அரைப்பக்கத்தைத் திருப்பித் தாருங்கள். முதல் வாரத்துக்கு ‘மேடே அணியை விட்டு விலகியது சரியா?’ என்றே கேட்டுப் பாருங்கள். கூடைப்பந்து ஆடும் பெண்களிடமிருந்து எனக்கு எதிராகத்தான் கடிதம் வரும் என்று நினைக்கிறேன். வரட்டும்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். கட்டுரையாளர் விரும்பினால் என்னிடம் உள்ள தொகுப்புகளை அவருக்கு அனுப்பிவைக்கிறேன். படித்துவிட்டுப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிட வேண்டும். பக்க முனைகளை மடிக்க வேண்டாம். பேனாவால் கோடு போட வேண்டாம். புத்தகங்கள் என் அண்ணன் மகளுடையவை, அடுத்த கோடையில் வந்து கேட்பாள்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை (பணி நிறைவு),
உடுமலைப்பேட்டை